தேய்ந்த பெக்கோ செயினுக்குப் புது வரம்பு வைப்பது

கொழும்பை அடுத்த கொலொன்னாவைப் பக்கம் சதுப்பு நிரப்பும் வேலையில் நிற்கும் 20 தொன் பெக்கோ (இரும்புச் செயினில் ஓடும் மண் தோண்டும் இயந்திரம்) இது. மேலே ஒன்றரை அடி கிரவல், கீழே கறுப்புச் சேறு. வெயில் நாளில் குறை தெரியாது. ஒரு மழை பெய்தால் போதும், செயின் நின்ற இடத்திலேயே சுழலும். ஒப்பரேட்டர் வாளியை மண்ணில் குத்தி இயந்திரத்தை இழுத்து நகர்த்துவார். அப்படி நகர்த்தும் ஒவ்வொரு தடவையும் பூமின், அதாவது பெரிய கையின், மூட்டிலுள்ள பின்னும் (ஊசியும்) அதைச் சுற்றியுள்ள புஷ்ஷும் தேய்கின்றன. செயினில் மிச்சம் பிடித்த காசு அங்கே கரைகிறது.

செயினில் வரிசையாகப் பூட்டியிருக்கும் இரும்புத் தட்டுகள்தான் ஷூ. பிடி போனதற்குக் காரணம் ஷூவின் முதுகில் மேடாக நிற்கும் மூன்று வரம்புகள் தேய்ந்தது. இந்த அளவு இயந்திரத்தின் ஷூவில் புதிதாக இருக்கும்போது தட்டிலிருந்து வரம்பின் உச்சி வரை 26 மி.மீ. இருக்கும். சேற்றைச் சுரண்டி, வரம்புகளின் மேல் ஒரு நேர்க்கம்பியை வைத்து, தட்டு வரைக்கும் ஆழமானியால் அளந்தால் உண்மை தெரிந்துவிடும். ஒரு ஷூவில் மூன்று இடம் அளக்கவேண்டும்: நடுவில் ஒன்று, இரண்டு நுனியில் இரண்டு. திரும்பும்போது நுனிகள்தான் மண்ணை அரைக்கின்றன, அதனால் அங்கே தேய்வு கூட. இந்தச் செயினில் நடுவில் 10, நுனியில் 8 மி.மீ. வந்தது. பத்துக்குக் கீழே இறங்கிய ஷூ ஈரக் களிமண்ணில் வழுக்கும் பலகைதான். தேய்ந்த வரம்பின் மேல் பார், அதாவது இரும்புக் கம்பித் துண்டு, வைத்து வெல்ட் போட்டு உயரத்தைத் திரும்ப எடுப்பதுதான் இங்கே சொல்லும் வைத்தியம்.

வெல்டிங் பிளான்ட்டை இறக்கமுன் செயினையே ஒருக்கால் அளக்கவேண்டும். இதைத் தவறவிட்டு, சாகப்போகும் செயினுக்கு நூறு கிலோ இரும்பு ஏற்றிவிட்டுப் பிறகு தலையில் கைவைப்பவர்கள் நிறைய. இந்த வகைச் செயினில் ஒரு பின்னிலிருந்து அடுத்த பின்னுக்கு 190 மி.மீ. செயினை இழுத்து இறுக்கமாக வைத்து நாலு இணைப்பை ஒன்றாக அளந்தால் புதிதில் 760 வரும். இணைப்பு ஒன்றுக்குச் சுமார் 3 மி.மீ. நீண்டிருந்தால், அதாவது 772ஐத் தாண்டினால், பின்னும் புஷ்ஷும் முடிந்துவிட்டன. செயினை ஓட்டும் பற்சக்கரமான ஸ்ப்ரொக்கெட்டின் பல் கூர்ந்து ஒரு பக்கம் சாய்ந்திருந்தாலும் அதே தீர்ப்பு. இங்கே 765 இருந்தது, வேலை செய்யலாம்.

தட்டு வளைந்த ஷூ, போல்ட் ஓட்டை நீள்வட்டமாகிய ஷூ, குறுக்கே வெடித்த ஷூ: இவற்றைக் கழற்றி ஒதுக்கவேண்டும். கொழும்பில் பழைய உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையில் பழைய ஷூ தேடி எடுக்கலாம். ஆனால் ஓட்டை இடைவெளியை மில்லிமீற்றர் கணக்கில் எழுதிக்கொண்டு போங்கள். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும் இரண்டு ஷூ, இரண்டு மி.மீ. வித்தியாசத்தில் இணைப்பில் உட்காராது. தேவையான ஷூக்களில் பாதிக்கு மேல் ஒரே இடத்தில் நல்ல நிலையில் கிடைத்தால் வெல்டிங் யோசனையை விட்டுவிட்டு அதையே வாங்குவது கெட்டித்தனம்.

மூன்று வரம்பில் எதன்மேல் பார் வைப்பது என்பதில் ஆளுக்கொரு கருத்து. வெளி வரம்பு இரண்டிலும் வைத்தால் இயந்திரம் கொங்கிறீட்டில் ஆடாமல் நிற்கும், ஆனால் இரும்பும் வெல்டிங் ரொட்டும் இரட்டிப்பு. இரண்டு பாருக்கும் நடுவே சேறு அப்பிக்கொண்டு பிடியையும் குறைக்கும். மென்மண்ணுக்கு நடு வரம்பில் மட்டும் ஒரு பார் போதும். அது தனியாக மண்ணுக்குள் இறங்கும், சேறும் சுலபமாகக் கழன்று விழும். "ஒன்றுவிட்டு ஒரு ஷூவுக்கு வைத்தால் பாதிச் செலவு" என்பதும் காதில் விழும். செய்யவேண்டாம். உயரமும் பள்ளமுமாக வரும் செயின் கடினத் தரையில் தடதடக்கும், ஒவ்வொரு அடியும் ரோலரின் சீலில் (ஒயில் கசியாமல் தடுக்கும் வளையத்தில்) போய் விழும்.

உயரத்துக்கும் ஓர் எல்லை உண்டு. மிச்சமிருக்கும் 10 மி.மீ.க்கு மேல் 16 மி.மீ. பார் வைத்தால் பழைய 26 திரும்புகிறது. "வைக்கிறதுதானே, 25 மி.மீ. பாராக வைப்போம்" என்று ஆசைப்பட்டால் திரும்பும்போது ஷூ நெம்புகோல் ஆகிறது. போல்ட் தளரும், ஷூ வளையும், பின் அசையும். நிறுவனம் கொடுத்த உயரத்தைத் தாண்டவேண்டாம்.

கணக்கு இப்படி. ஒரு பக்கத்துக்கு 45 ஷூ, இரண்டு பக்கமும் 90. ஷூ அகலம் 600 மி.மீ.; இரண்டு நுனியிலும் 20 விட்டு பார் நீளம் 560. ஆறு மீற்றர் கம்பியில் பத்துத் துண்டு போக, வெட்டுச் சேதாரத்தோடு 35 செ.மீ. அளவில் கழிவு. ஆக 16 மி.மீ. சதுரக் கம்பி 9. மீற்றருக்கு 2 கிலோ என்பதால் செயினில் ஏறும் எடை 100 கிலோவுக்குக் கிட்ட. துண்டுகளின் இரண்டு தலையையும் 45 பாகையில் சாய்த்து வெட்டுங்கள். நேராக வெட்டிய தலை, நிரப்பிய மண்ணில் புதைந்து கிடக்கும் கம்பியிலும் வேரிலும் கொக்கிபோல மாட்டும்.

சதுரக் கம்பி வாங்கக் கொழும்பில் பழைய சோனகத் தெருப் பக்கம் போனால் போதும். ஆனால் கட்டட வேலை நடக்கும் இடங்களில் முதலில் கேட்பது இதுதான்: "இதுக்கு எதுக்கு பாஸ் வேற இரும்பு? சைட்ல கிடக்கிற டோர் கம்பியே போதும்." போதாது. டோர் கம்பி என்பது கொங்கிறீட்டுக்குள் போடும் வரி விழுந்த உருண்டைக் கம்பி. உருண்டைக் கம்பி வரம்பின் மேல் ஒரு கோட்டில்தான் தொடும். இரண்டு பக்கமும் வெல்ட் போட்டாலும் அடியில் குகைபோல ஓர் இடைவெளி நிற்கும், வெடிப்பு அங்கேயிருந்து கிளம்பும். கம்பியின் மேலுள்ள முறுக்கு வரிகளுக்குள் கசடு ஒளிந்துகொள்ளும். சுத்தியலால் பக்கவாட்டில் நாலு அடி அடித்தால், சதுரக் கம்பி நிற்கும் இடத்தில் டோர் கம்பி கழன்று வருவதைப் பார்க்கலாம்.

இரண்டாவது ஆசை, லொறியின் பழைய ஸ்பிரிங் பட்டை. கடினம், தேயாது, கராஜில் சும்மா கிடக்கும். கடினம் என்பதுதான் வில்லங்கம். அதில் கரி அளவு சாதாரண இரும்பைவிடப் பல மடங்கு. சூடாக்காமல் வெல்ட் போட்டால் வெல்டின் ஓரத்தில் கண்ணாடிபோல ஒரு நொறுங்கும் பட்டை உருவாகும். வேலை முடிந்த அன்று அழகாக இருக்கும். இரண்டு நாள் ஓடியபின் பார் முழுசாகப் பெயர்ந்து, ஷூவின் சதையையும் கொஞ்சம் பிய்த்துக்கொண்டு சேற்றில் கிடக்கும். மென்னிரும்புச் சதுரக் கம்பியை வைத்து, அதன் மேல்முகத்தில் மட்டும் கடினப் பூச்சு போடுவது பாதுகாப்பு.

ஷூவும் சாதாரண இரும்பு அல்ல, வெப்பப் பதம் கொடுத்த உலோகம். அதனால் ரொட் விஷயத்தில் சமரசம் கிடையாது: ஈரப்பதம் குறைந்த வகை 7018, 4 மி.மீ. மூலையில் ஒவ்வொரு பக்கமும் ஆறு மி.மீ. ஏறும் வெல்ட், பாரின் இரண்டு பக்கமும், 90 பாருக்கும் சேர்த்து 100 மீற்றர் வருகிறது. 4 மி.மீ. ரொட் ஒன்று 20 செ.மீ.க்குக் கொஞ்சம் கூட ஓடும். வீணாவதையும் சேர்த்து 5 கிலோப் பெட்டி ஆறு, மொத்தம் 30 கிலோ எடுத்துவைத்தால் பாதியில் கடைக்கு ஓடவேண்டி வராது. மின்னோட்டம் 140 தொடக்கம் 180 ஆம்பியர், நேர் மின்னோட்டம், ஹோல்டர் பொசிட்டிவ்வில்.

இந்த ரொட் பழைய ஏசி ட்ரான்ஸ்போர்மர் பிளான்ட்டில் அடம்பிடிக்கும். சுடர் அணைந்து அணைந்து எரியும், வெல்ட் முழுக்க ஊசித்துளை. அப்போது ரொட்டைக் குறைசொல்லி, எல்லோருக்கும் கைபழகிய 6013 ரொட்டுக்கு மாறுவார்கள். 6013 கண்ணுக்கு மினுக்காக ஓடும், ஆனால் அதன் பூச்சிலிருக்கும் ஹைட்ரஜன் இந்த ஷூவுக்கு நஞ்சு. மாற்றவேண்டியது பிளான்ட்டை. இன்வேர்ட்டர் பிளான்ட் ஒன்று எடுங்கள். 160 ஆம்பியரில் ஓடும்போது அது வீட்டு 13 ஆம்பியர் பிளக்குக்கு அடங்காது. 10 கே.வி.ஏ. ஜெனரேட்டரும், குறுகிய தடித்த கேபிளும் வேண்டும். ஐம்பது மீற்றர் மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயர் போட்டால் பிளான்ட் 160 காட்டும், சுடர் மட்டும் சோர்ந்துபோய் நிற்கும்.

கொழும்புக் காற்றின் ஈரம் இந்த வேலைக்கு முதல் எதிரி. 7018 பெட்டியை உடைத்துவிட்டு ஒரு இரவு திறந்து வைத்தால் பூச்சு ஈரத்தைக் குடித்துவிடும். பார்த்தால் தெரியாது. வெயிலில் காயவைப்பது கண்துடைப்பு. 300 பாகைக்கு மேல், ஒரு மணித்தியாலத்துக்குக் குறையாமல் அடுப்பில் வைத்து எடுக்கவேண்டும். அதன்பிறகும் மூடியுள்ள சூட்டுக் குழாயிலிருந்து ஒன்றொன்றாக எடுத்துப் பாவிக்கவேண்டும். ஈர ரொட்டின் வெடிப்பு வெல்ட் போடும்போது வராது. ஆறியபிறகு, சிலவேளை அடுத்த நாள் வரும். "நேற்று நல்லாத்தான் இருந்தது" என்ற பேச்சின் பின்னணி பெரும்பாலும் இதுதான்.

நாளையும் பார்த்து எடுங்கள். மார்ச் - ஏப்ரலிலும் ஒக்டோபர் - நவம்பரிலும் பின்னேர இடிமழை வழக்கம். காலையில் தொடங்கி இரண்டு மணிக்குள் வெல்ட்டை நிறுத்துவது நல்லது. சூட்டோடு இருக்கும் வெல்டில் மழைத்துளி விழுந்தால் காய்ச்சிய இரும்பைக் கொல்லன் தண்ணீரில் தோய்த்ததுபோல் ஆகிவிடும். மேலே ஒரு தகரக் கூரையோ தார்ப்பாயோ கட்டாமல் தொடங்கவேண்டாம். ஈர நிலத்தில் நிற்கும் வெல்டருக்குக் காலடியில் உலர்ந்த பலகை, கையில் உலர்ந்த தோல் கிளவுஸ். வியர்வையில் நனைந்த கிளவுஸ் கிளவுஸே அல்ல.

இயந்திரத்தை மட்டமான, இறுகிய தரையில் நிறுத்தி, வாளியைத் தரையில் வைத்து, எஞ்சினை அணைத்து, பெட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றவேண்டும். கொன்ட்ரோலர் பெட்டியின் சொக்கெட்டுகளையும் கழற்றுங்கள். அதைவிட முக்கியம் எர்த். வெல்டிங் எர்த்தைக் கைக்கு எட்டிய இடத்தில், பின்னாலுள்ள கவுண்டர் வெயிட்டிலோ ஏணியிலோ மாட்டினால், நூற்றைம்பது ஆம்பியரும் ஸ்விங் பெயாரிங் (மேல் உடல் சுழலும் பெரிய பெயாரிங்), ரோலர், செயின் பின் ஆகியவற்றின் வழியாகத்தான் ஷூவுக்கு வரும். வரும் வழியில் உருளைகளில் பொறி அடித்துக் குழி விழுத்தும். ஸ்விங் பெயாரிங்கின் விலையை இங்கே எழுதி யாரையும் பயமுறுத்த விருப்பமில்லை. வெல்ட் போடும் அதே ஷூவில், கிரைண்டரால் பளபளப்பாக்கிய ஓரத்தில் எர்த் இருக்கவேண்டும். ஷூ மாறும்போது எர்த்தும் மாறவேண்டும். சலிப்பான வேலைதான்.

சேற்றை உயர் அழுத்தத் தண்ணீரால் அடித்துக் கழுவி, ஒருநாள் காயவிட்டு, ஷூக்களுக்குப் பெயின்றால் 1 முதல் 45 வரை இலக்கம் போடுங்கள். சோக்கால் எழுதினால் முதல் நகர்த்தலோடு அழிந்துவிடும். செயினை ஓட்டும் ட்ரவல் மோட்டர் பக்கம் ஒயில் கசிவு இருந்தால் முதலில் அதைத் துடைத்து, தீயணைப்பானைக் கைக்கெட்டும் தூரத்தில் வையுங்கள்.

முதலில் ஒரு பக்கத்துக்கு இரண்டு ஷூவில் மட்டும் பார் வைத்துப் பொட்டு வெல்ட் போட்டு, எல்லோரும் விலகி நிற்க, செயினை மெதுவாக ஒரு முழுச் சுற்று ஓட்டிப் பாருங்கள். மேல்பக்கம் எதிலாவது உரசுகிறதா, போல்ட் தலையில் சொக்கெட் ஸ்பானர் இறங்க இடம் மிச்சமா என்று பார்க்கவேண்டும். ஸ்பானர் இறங்காவிட்டால் பிறகு அந்த ஷூவைக் கழற்றக் காஸ் கட்டர்தான் கதி.

இனி ஒரு ஷூ. வரம்பின் தலை தேய்ந்து உருண்டிருக்கும். அதைக் கிரைண்டரால் பார் அகலத்துக்குத் தட்டையாக்கி, இரண்டு பக்கமும் ஒரு விரலகலம் வெள்ளை இரும்பு தெரியத் துருவைச் சுரண்டவேண்டும். போல்ட் தலைகளை ஈரச் சாக்கால் அல்ல, தகரத் துண்டால் மூடவேண்டும். சாக்கின் ஈரம் ஆவியாகி வெல்டுக்குள் போகும். காஸ் பேர்னரை வரம்பின் நீளத்துக்கு அங்குமிங்கும் ஓட்டி 150 - 200 பாகைக்குச் சூடாக்குங்கள். 12.5 கிலோ வீட்டு சிலிண்டரே போதும், ஆனால் ரெகுலேட்டர் உயர் அழுத்த வகையாக இருக்கவேண்டும். சூட்டை அளக்கும் லேசர் வெப்பமானி, கிரைண்டர் பட்டுப் பளபளக்கும் இடத்தில் குறைத்துக் காட்டும். மங்கலான இடத்தில் பிடித்து வாசியுங்கள். இதே நேரத்தில் அடியிலிருக்கும் இணைப்பின் பக்கத்தைக் கையால் தொட்டுப் பார்க்கவேண்டும். கை பொறுக்காவிட்டால் சூடு பின்னின் சீல் பக்கம் போகத் தொடங்கிவிட்டது. சூடு ஷூவின் வரம்போடு நிற்கட்டும், செயின் இணைப்புக்குள் இறங்கவிடாதீர்கள்.

பாரை நடுவில் வைத்து, நடுவிலும் இரண்டு நுனியிலுமாக மூன்று பொட்டு. பிறகு நடுவிலிருந்து வெளிநோக்கி ஒரு பக்கம் பாதி, எதிர்ப்பக்கம் பாதி, மறுபடி முதல் பக்கத்தின் மிச்சப் பாதி என்று மாறி மாறி ஓட்டவேண்டும். ஒரே பக்கத்தை முழுசாக முடித்தால் பார் வில்லாக வளைந்து மறுபக்கம் எழும்பும். ஒவ்வொரு ரொட் முடிவிலும் கசடைத் தட்டித் துலக்கி, முடிந்த குழியின் மேல் கொஞ்சம் பின்னே வந்து அடுத்ததைத் தொடங்குங்கள். அந்தக் குழியை நிரப்பாமல் விட்டால் நட்சத்திரம்போல வெடிக்கும். வெல்டைப் பாரின் நுனி வரைக்கும் ஓட்டி அங்கேயே முடிக்கவேண்டும். ஷூவின் வெளி ஓரத்தை வெல்டால் தொடவேண்டாம். ஓரத்தில் விழும் சின்ன வெட்டு, திரும்பும் அழுத்தத்தில் ஷூவின் குறுக்கே நீளும்.

அடுத்ததாகப் பக்கத்து ஷூவுக்குப் போகக்கூடாது. 1, 5, 9 என்று தாண்டிப் போனால் ஒரே இடத்தில் சூடு சேராது. மேல்பக்கத்தில் எட்டுகிற ஷூக்கள் முடிந்ததும் பெட்டரியை மாட்டி, அவ்வளவு நீளம் இயந்திரத்தை நகர்த்தி, மறுபடி கழற்றவேண்டும். சூடாக்குவது, தட்டுவது எல்லாம் சேர்த்து ஒரு பாருக்கு 20 நிமிடம். மொத்தம் 30 மணித்தியாலம், இரண்டு வெல்டருக்கு இரண்டு நாள்.

கடினப் பூச்சு கடைசி. கடினத்தை அளக்கும் றொக்வெல் சி அளவில் 60ஐத் தொடும் ரொட்டால் பாரின் மேல்முகத்தில் மட்டும் ஒரே ஒரு ஓட்டம். இது பாரோடு நிற்கவேண்டும், ஷூவிலோ பக்க வெல்டிலோ வழிந்தால் பூச்சின் நொறுங்கும் குணம் அங்கேயும் தொற்றும். முழுக்கக் கிரவலிலும் மணலிலும் ஓடும் இயந்திரத்துக்கு இது காசுக்குக் காசு. சேற்றில் மட்டும் ஓடுவதற்கு அவசியம் குறைவு, விட்டுவிடலாம்.

முடிந்ததும் அவசரப்பட்டு வேலைக்கு விடாமல் ஒரு முழு நாள் நிறுத்தி, பிறகு ஒவ்வொரு பாரையும் சுத்தியலால் தட்டிக் கேளுங்கள். நல்ல வெல்ட் மணிபோல ஒலிக்கும், விட்டது பொத்தென்று விழும். சந்தேகமான இடத்தில் சிவப்புச் சாயமும் வெள்ளைத் தெளிப்பும் போட்டால் வெடிப்பு கோடாகத் தெரியும். வெடித்ததன் மேல் வெல்ட் பூசாதீர்கள். கிரைண்டரால் வேர் வரைக்கும் தோண்டி எடுத்துவிட்டுத்தான் மறுபடி போடவேண்டும். ஷூ போல்ட் எல்லாவற்றையும், ஷூ ஒன்றுக்கு நாலாக 360ஐயும், ஒரு நாள் ஓடியபின் திரும்ப இறுக்கிப் பார்க்கவேண்டும். தளர்ந்து ஓடிய போல்ட்டை இறுக்கிப் பயனில்லை, மாற்றுங்கள்.

ஒப்பரேட்டருக்கும் சில விஷயம் சொல்லவேண்டும். பிடி கூடிய செயின் நின்ற இடத்தில் திரும்ப மறுக்கும், அந்த வலி ட்ரவல் மோட்டருக்கும் பின்னுக்கும் போகும். முன்னும் பின்னும் நகர்ந்து அகலமாகத் திருப்பவேண்டும். தார் வீதியில் இனி ஒரு அடிகூட இறக்கக்கூடாது. பார் தாரை உழுதுவிடும். இயந்திரம் ஏற்றும் தாழ்தள லொறியான லோபெட்டில் ஏற்றுங்கள், வீதியைக் குறுக்கே கடக்கவேண்டுமானால் பழைய லொறி டயர்களைப் போட்டு அதன்மேல் கடவுங்கள். ஏற்றும்போதும் கவனம் தேவை. இரும்புப் பலகையில் இரும்புப் பார் வழுக்கும், இடையில் மரமோ டயரோ வேண்டும்.

செயின் இறுக்கத்தையும் மறுபடி பார்க்கவேண்டும். செயினின் முன்சக்கரமான ஐட்லருக்கும் மேல் ரோலருக்கும் இடையில் நேர்ப்பலகை வைத்து அளந்தால் தொய்வு 10 - 30 மி.மீ. இருக்கலாம். சேற்றில் 30 பக்கமாகவே விடுங்கள், உள்ளே அப்பும் மண் தானே இறுக்கிவிடும். தளர்த்தும்போது கிரீஸ் வால்வை ஒரு சுற்றுக்கு மேல் திறக்கக்கூடாது, முகத்தை அதன் நேரே வைக்கவும் கூடாது. உள்ளே இருக்கும் அழுத்தத்தில் வால்வு துப்பாக்கிக் குண்டுபோல வெளியே வரும்.

றப்பர் செயின் மினி பெக்கோ வைத்திருப்பவர்கள் இதே வைத்தியத்தைத் தங்களுக்கும் கேட்பதுண்டு. பனி நாடுகளில் ஸ்னோமொபைல் என்ற பனி வண்டியின் றப்பர் பட்டைக்குத் துளை போட்டு இரும்பு முளை பூட்டுவதை வீடியோவில் பார்த்துவிட்டு, நாலு அங்குல போல்ட்டும் ட்ரில்லுமாக வருவார்கள். அந்தப் பட்டை றப்பரும் துணியும் குறுக்கே விறைப்புக் கம்பியும் சேர்ந்தது. முளையை எங்கே போடலாம் என்று இடமும் ஒதுக்கப்பட்டிருக்கும், கூடவே தாங்கு தட்டும் நட்டும் வரும், பிடிப்பதும் ஐஸை. மினி பெக்கோவின் செயினுக்குள் சுற்றளவு முழுக்க உருக்குக் கயிறுகள் ஓடுகின்றன. ட்ரில் அதில் இரண்டு இழையை அறுத்தாலே போதும், துளை வழியாக இறங்கும் சேற்றுத் தண்ணீர் மிச்சத்தைத் துருப்பிடிக்க வைக்கும். ஒருநாள் பாரத்தோடு திரும்பும்போது செயின் இரண்டாகும். றப்பர் செயினுக்கு முளை வைத்தியம் கிடையாது. றப்பர்ப் பல் 5 மி.மீ.க்குக் கீழே தேய்ந்தாலோ, எங்காவது உருக்குக் கயிறு வெளியே தெரிந்தாலோ புதிது வாங்கவேண்டும். உள்பக்கம் அச்சடித்திருக்கும் மூன்று எண்ணையும், அதாவது அகலம், இடைவெளி, இணைப்பு எண்ணிக்கை ஆகியவற்றை, படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். 300, 52.5, 80 என்றிருந்தால் 300 மி.மீ. அகலம், சுற்றளவு 4200 மி.மீ. கடைசி எண்ணில் இரண்டு பிசகினால் செயின் ஏறாது, அல்லது ஏறிக் கழரும்.